கண்ணுமணிக்குள்ள கள்ளன் தெரியுதானாம்!

வாருமய்யா, வருங்கால எஸ்.ஐ.! இந்தத் திண்ணையில இப்படி உக்காரும்.

உங்கம்மை தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுதா: "எம் மவன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண்ணு முழிச்சுப் படிக்கான், எப்படியும் இந்த வருசம் பாஸாயிருவான்." பாவம், பெத்த மனசு. போர்வைக்குள்ள போனை வச்சுக்கிட்டு நீ பாக்குறது அமெரிக்காக்காரன் எடுத்த கொலைக் கதைன்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏன்னா உன் இயர்போனோட இன்னொரு முனை எங்காதுலதான இருந்துச்சு.

"மாமா, இது வெறுங்கதை இல்ல, தடயவியல். பரிட்சைக்கு உதவும்"ங்க. உதவட்டும் மருமவனே. பொணத்துக்குக் காவல் இருந்தே தலை நரைச்ச தலையாரி நான். கெணத்துல மெதந்தது, புளியமரத்துல தொங்குனது, வரப்புல வெட்டுப்பட்டுக் கெடந்ததுன்னு எத்தனையோ பாத்தாச்சு. அதனால அந்த நாடகத்துலருந்து எதை எடுத்துக்கிடணும், எதை மூட்டை கட்டிப் பரண்ல போடணும்னு நான் சொல்லுதேன். டியூசன் பீஸ் வேண்டாம், ஒரு கட்டு வெத்தலை போதும்.

மொதல் பாடம்: லேப்புக்குள்ள போனா லைட்டைப் போடு. 2000-ல ஆரம்பிச்சு 15 வருசம் ஓடுச்சே சி.எஸ்.ஐ., லாஸ் வேகாஸ்ல நடக்க கதை, அதுல ஒருத்தனாவது ஸ்விட்ச்சைத் தட்டிப் பாத்திருக்கியா? பொழுதன்னைக்கும் நீல வெளிச்சம். கொலை நடந்த வீட்டுக்குப் போனாலும் டார்ச்சு அடிச்சுத்தான் தேடுவாவ. ஸ்விட்ச்சு வாசல் பக்கத்துலயே இருக்கும். கரண்டு பில்லுக்குப் பயப்படுத அமெரிக்காவை அங்கதான் பாத்தேன்.

அந்த லேப்காரரு பாக்காத வேலை உண்டா? பொணம் கெடக்க எடத்துக்கு அவரே போவாரு, ரத்தத்தை அவரே எடுப்பாரு, அவரே சோதிப்பாரு, சந்தேகப்பட்டவனை அவரே விசாரிப்பாரு, ஓடுனா துப்பாக்கியை எடுத்துக்கிட்டு அவரே தொரத்துவாரு. நல்லவேளை, தூக்குக் கயித்தை மட்டும் வேற ஆளுகிட்ட விட்டுட்டாவ. நெசத்துல சோதிக்கிறவரு பெஞ்சை விட்டு நகர மாட்டாரு. வெட்டுனவன் மொகம் கூட அவருக்குத் தெரியாது. தெரியாம இருக்கிறதுதான் நல்லது. ஏன்னு பொறவு சொல்லுதேன்.

அடுத்து டி.என்.ஏ. ஒரு சொட்டு ரத்தத்தை எந்திரத்துல வச்சதும், வெளம்பரம் முடியிறதுக்குள்ள திரையில ஆளு படம், பேரு, வீட்டு அட்ரஸ், செருப்பு சைஸு வரைக்கும் வந்து நிக்கும். நெசத்துல, ரத்தத்துலருந்து டி.என்.ஏ.வைத் தனியாப் பிரிக்கணும், எவ்வளவு தேறுதுன்னு அளக்கணும், பி.சி.ஆர். எந்திரத்துல போட்டுப் பெருக்கணும், மின்சாரம் பாய்ச்சி நீளவாரியாப் பிரிச்சு வாசிக்கணும். எல்லாம் ஒழுங்கா நடந்தாலே ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். அதுக்கு முந்தி வரிசையில காத்துக் கெடக்கணும், அது மாசக் கணக்கு. கன்னத்துக்குள்ள துடைச்சு எடுத்த எச்சிலை ஒண்ணரை மணி நேரத்துல வாசிக்க எந்திரம் இப்ப இருக்கத்தான் செய்யுது. ஆனா நாலு பேரு ரத்தம் கலந்து, மண்ணு ஒட்டிக் கெடக்க கோணிச்சாக்குக்கு அது ஆகாது.

சரி, வாசிச்சாச்சு. வந்தது வெறும் நம்பர் வரிசை. ஒத்துப் பாக்க இன்னொரு வரிசை வேணும்லா? அமெரிக்காவுல கோடிஸ்னு ஒரு பெரிய பதிவேடு வச்சிருக்கான். நம்ம நாட்டுல டி.என்.ஏ. வங்கி வைக்க 2019-ல லோக்சபாவுல மசோதா கொண்டுவந்தாவ, 2023-ல திரும்ப வாங்கிட்டாவ. அதனால நீ எஸ்.ஐ. ஆகி எந்திரத்துக்கு முன்னால கையைக் கட்டி நின்னா, அதுவும் உன்னைப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கும்.

செத்த நேரம் சொல்லுதது அதைவிட வேடிக்கை. பொணத்தை ஒரு தடவை தொட்டுட்டு, "ராத்திரி 8.47"ம்பாரு டாக்டரு. பக்கத்துல மணியைப் பாத்துக்கிட்டு இருந்தவன் கூட அப்படிச் சொல்ல மாட்டான். உடம்புச் சூடு எவ்வளவு எறங்கியிருக்குன்னு பாத்துத் தோராயமாத்தான் சொல்ல முடியும். ஆளு பருமனா, உடுப்பு என்ன, காத்து அடிச்சுதான்னு நூறு கணக்கு அதுக்குள்ள இருக்கு. அதுவும் குளிரு நாட்டுல. நம்ம தேரிக்காட்டுல சித்திரை மாசத்துப் பகல்ல வெளிய 38 டிகிரி, உடம்பு 37. பொணம் எங்கய்யா ஆறும்?

இப்ப உனக்கு ரொம்பப் பிடிச்ச எடத்துக்கு வாரேன். ஏ.டி.எம். வாசல்ல ஒரு கேமரா. அதுல ஒரு பொம்பளை தெரியுதா, நம்ம பெருவெரல் நகத்தளவு. "அதைப் பெருசாக்கு"ம்பான். பெருசாகும். "தெளிவாக்கு"ம்பான். தெளிவாகும். அவ மொகம், கண்ணு, கண்ணுமணி, அந்தக் கண்ணுமணிக்குள்ள எதிர்ல நின்ன கள்ளன், அவன் சட்டைப் பித்தான்! அன்னைக்கு நீ எந்திரிச்சு நின்னு கைதட்டுன, உங்கம்மை பாடம் வெளங்கிட்டு போலன்னு காப்பி போட்டுக் கொண்டாந்தா.

மருமவனே, கேமராக்குள்ள விழாத வெளிச்சத்தை எவனும் பொறவு உள்ள கொண்டுபோக முடியாது. மோர்ல தண்ணி ஊத்தி ஊத்திக் குடத்தை நெறைக்கலாம், வெண்ணெய் கூடாது. மங்கலைக் கொஞ்சம் தெளிய வைக்கலாம், இருட்டைக் கொஞ்சம் வெளுக்கலாம், ஆடுன படத்தைக் கொஞ்சம் நிறுத்தலாம். அம்புட்டுத்தான். இப்ப ஏ.ஐ. வந்துட்டு, அது எல்லாத்தையும் தெளிவாக்கிரும்பாவ. 2020-ல அமெரிக்காவுல ட்யூக் பல்கலைக்கழகத்துக்காரவ அப்படி ஒரு நிரல் செஞ்சாவ. கட்டங்கட்டமா மங்கலாக் கெடந்த ஒபாமா படத்தை அதுக்குள்ள விட்டாவ. வெளிய வந்தது ஒரு வெள்ளைக்காரன். மொகம் நல்லாத்தான் இருந்துச்சு, மூக்கும் முழியுமா. ஆளுதான் வேற. தெரியாத எடத்தை அது கற்பனையால நெரப்புது. சாட்சி சொல்ல வந்தவன் கற்பனையில பேசுனா கோர்ட்டுல என்ன செய்வாவ? 2024-ல வாஷிங்டன் மாகாணத்து நீதிபதி ஒருத்தரும் அதைத்தான் செஞ்சாரு. கொலை வழக்குல ஏ.ஐ. மெருகேத்துன வீடியோவை எடுத்துக்கிட மாட்டேன்னு தள்ளிவிட்டாரு.

கம்ப்யூட்டரு சமாச்சாரத்தை நான் அதிகம் பேசப்புடாது, நீ டிப்ளமோ படிச்சவன். இருந்தாலும் என்.சி.ஐ.எஸ்.னு ஒண்ணுல ஒரு காட்சி. எவனோ லேப்புக் கம்ப்யூட்டருக்குள்ள புகுந்துட்டான். அதைத் தடுக்க ஒரே கீபோர்டுல ரெண்டு பேரு நாலு கையாலத் தட்டுதாவ. ஒண்ணும் நடக்கல. பெரியவரு ஒருத்தரு வந்தாரு, சத்தங்காட்டாமப் பிளக்கைப் பிடுங்கினாரு. பிரச்சினை முடிஞ்சுது. அந்த நாடக வகையறாவுலயே எனக்குப் பிடிச்ச கணினி நிபுணர் அவருதான். நம்ம இந்திச் சி.ஐ.டி. மட்டும் எளச்சதா? 1998-லருந்து 20 வருசம் ஓடுச்சு. டாக்டர் சாளுங்கே கலர் தண்ணியை இன்னொரு கலர் தண்ணியில ஊத்துவாரு, கொலைகாரன் கெடச்சிருவான். கெடச்சவன் வீட்டுக் கதவை இன்ஸ்பெக்டர் தயா ஒடைப்பாரு. தாழ்ப்பாள் போட்டிருக்கான்னு தள்ளிப் பாத்த ஞாபகம் எனக்கில்ல.

டிவிக்காரன் எல்லாத்தையும் ஊதிப் பெருசாக்குதான்னு நெனைக்காத. சில விசயத்தைக் கொறைச்சும் காட்டுதான். போனைப் பாரு. கடத்துனவன் கூப்பிடுவான், இங்க நாலு பேரு ஹெட்போனை மாட்டிக்கிட்டு, "இன்னும் பத்து செகண்டு பேச்சை இழுங்க"ன்னு சைகை காட்டுவாவ. ஒம்பதாவது செகண்டுல அவன் வச்சிருவான். அந்தக் காலத்துச் சத்தம் போடுத எக்ஸ்சேஞ்சுல, எந்த ஒயரு எங்க போகுதுன்னு ஆளு நடந்து போய்த் தேடணும், அதனால நேரம் புடிச்சுது. இப்ப கூப்பிட்ட உடனேயே எந்த நம்பரு, எந்தச் செட்டு, எந்த டவருன்னு கம்பெனிக் கணக்குல ஏறிருது. அவன் அரை நிமிசம் பேசுனா என்ன, அரை மணி பேசுனா என்ன? ஆனா டவருன்னா டவருதான், அவன் நிக்கிற மரத்தடி இல்ல. டவுன்ல டவரு நெருக்கமா இருக்கும், சில நூறு மீட்டருக்குள்ள வளைச்சிரலாம். நம்ம பக்கம் ஒரு டவரே பல கிலோமீட்டரைப் பாக்கும். அதுக்குள்ள ஊருல பாதி, ஆடு மாடு, நான், நீ, எல்லாம் அடக்கம். அந்த வட்டத்தை வச்சுக்கிட்டு ஒருத்தனைக் கொலைகாரம்னா, நானும் கொலைகாரந்தான்.

கள்ளனைக் காட்டிக் கொடுக்குறது பெரிய எந்திரமாவும் இருக்காது. அமெரிக்காவுல விச்சிட்டான்னு ஒரு ஊரு. 1974-லருந்து 1991 வரைக்கும் பத்து பேரைக் கொன்னவன் ஒருத்தன், பிடிபடாமலே கெடந்தான். கொன்னது போதாதுன்னு போலீசுக்குக் கடுதாசி வேற போடுவான். 2005-ல அவனுக்கு ஒரு சந்தேகம்: அடுத்ததை ஃப்ளாப்பியில அனுப்புனா கண்டுபிடிச்சிருவாவளோ? யாருகிட்ட கேட்டான் தெரியுமா? போலீசுகிட்டயே கேட்டான்! அவங்களும் பேப்பர்ல வெளம்பரம் குடுத்து, பயப்படாம அனுப்புன்னுட்டாவ. அனுப்புனான். அழிச்ச கோப்பு ஒண்ணு அதுக்குள்ள கெடந்துச்சு, அதுல டென்னிஸ்னு பேரும் ஒரு சர்ச்சுப் பேரும். போய்ப் பாத்தா அந்தச் சர்ச்சு நிர்வாகக் குழுத் தலைவரே அவருதான். பொறவு டி.என்.ஏ.வும் ஒத்துப்போச்சு. இதை நீ கதையா எழுதிட்டுப் போனா, "எந்தக் கொலைகாரன் போலீசுகிட்ட யோசனை கேப்பான்"னு தயாரிப்பாளர் தொரத்திவிட்டிருப்பாரு.

இம்புட்டு நேரம் சிரிச்சேல்லா? இப்பச் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்து. வேகமாக் காட்டுதான், பெருசாக் காட்டுதான், அதெல்லாம் சின்னப் பொய். கருவி தப்பே செய்யாதுங்கான் பாரு, அதுதான் பெரிய பொய்.

வெரல் ரேகையை எடுத்துக்கோ. நான் ஒண்ணும் அதைக் கொறை சொல்லல. 1952-ல போட் மெயில் ரயில்ல ஒரு டிரங்குப் பெட்டி நாறுச்சு. மானாமதுரையில எறக்கித் தெறந்தா தலையில்லாத முண்டம். தலை மெட்ராசுல ராயபுரம் கடக்கரையில கெடச்சுது. ஆளவந்தார் கொலைன்னு ஊரே பேசுச்சு. பட்டாளத்துல இருந்தப்ப அந்த ஆளு குடுத்த கைரேகை ஒத்துப்போய்த்தான் இன்னாருன்னு முடிவாச்சு. கைரேகைக்குன்னு ஆபீஸ் தொறந்ததே நம்ம நாட்டுல கல்கத்தாவுலதான், 1897-ல.

ஆனா 2004-ல மாட்ரிட்ல ரயில்ல குண்டு வெடிச்சுது. வெடிகுண்டுச் சாமான் கெடந்த பையில ஒரு ரேகை. எஃப்.பி.ஐ. எந்திரத்துல போட்டாவ. டிவியில வாரது மாதிரி சிவப்பு வெளக்கு மினுக்கி ஒத்தை ஆளைக் காட்டல. சாயல் உள்ள 20 பேரைக் காட்டுச்சு. அதுல நாலாவது ஆளு பிராண்டன் மேஃபீல்டு, ஆரிகன் மாகாணத்து வக்கீல். அவருதான்னு எஃப்.பி.ஐ. நிபுணர் மூணு பேரு அடிச்சுச் சொன்னாவ. கோர்ட்டு நியமிச்ச நிபுணரும் ஆமான்னாரு. ஸ்பெயின் போலீசு, "எங்களுக்கு ஒத்து வரலய்யா"ன்னு முன்னாலயே சொல்லியாச்சு. கேக்கணும்லா? மேஃபீல்டு முஸ்லிமா மாறுனவரு. அந்த விவரம் தெரிஞ்ச பொறவு, முடிவை மறுபடி ஒருக்கா ஒரைச்சுப் பாக்க ஒருத்தருக்கும் மனசு வரல. ரெண்டு வாரம் உள்ள வச்சாவ. ஸ்பெயின்காரன் அல்ஜீரியாக்காரன் ஒருத்தன் ரேகையை எடுத்துக் காட்டுன பொறவு வெளிய விட்டு, மன்னிப்புக் கேட்டு, 2006-ல 20 லட்சம் டாலரும் குடுத்தாவ. சோதிக்கிறவருக்கு மொகம் தெரியாம இருக்கிறது நல்லதுன்னு சொன்னேம்லா, அது இதுக்குத்தான்.

ஜெர்மனிக் கதை இன்னும் அருமை. 2007-ல ஹைல்பிரான் ஊருல ஒரு பொம்பளைப் போலீசைச் சுட்டுட்டாவ. கார்ல எடுத்த டி.என்.ஏ.வைப் பாத்தா ஒரு பொம்பளையோடது. அதே பொம்பளை ஆஸ்திரியாவுல, பிரான்சுல, ஜெர்மனி முழுக்க, சுமாரா 40 எடத்துல இருந்திருக்கா! கொலை, கொள்ளை, போதை ஊசி, திருட்டுப் போன எடத்துல கடிச்சு வச்ச பிஸ்கட்டு வரைக்கும். மொகம் கண்டவன் ஒருத்தன் இல்ல. பிடிச்சுக் குடுத்தா மூணு லட்சம் யூரோன்னு அறிவிச்சாவ. 2009-ல குட்டு ஒடைஞ்சுது. செத்துப்போன ஒரு ஆம்பளையோட ரேகைத் தாளைச் சோதிச்சா, அதுலயும் அவளே இருக்கா! பொறவுதான் யோசிச்சாவ. தடயம் ஒத்தி எடுக்க பஞ்சுக் குச்சி இருக்குல்லா, அது செஞ்ச பாக்டரியில குச்சியைப் பொதிஞ்ச பொம்பளைதான் அவ. குச்சியில கிருமி கெடையாது, அதைச் சுத்தம் பண்ணியிருந்தாவ. டி.என்.ஏ. இருக்கான்னு எவனும் பாக்கல. பாவப்பட்டவ கூலிக்கு வேலை பாத்திருக்கா, மூணு நாட்டுப் போலீசு அவளைத் தேடியிருக்கு. உண்மையில சுட்டது ஒரு நாஜிக் கூட்டம்னு 2011-லதான் தெரிஞ்சுது.

எந்திரம் பொய் சொன்னுச்சா? இல்லையே. குச்சியில எது இருந்துதோ அதைத்தான் சொன்னுச்சு. குச்சி எங்கருந்து வந்துன்னு மனுசன் கேக்கல. அமெரிக்காவுலயே தேசிய அறிவியல் அகாடமி 2009-ல அறிக்கை விட்டுது: டி.என்.ஏ. ஒண்ணைத் தவிர, மத்த எந்த முறையும் ஒரு தடயம் இன்ன ஆளோடதுதான்னு உறுதியாச் சொல்லும்னு கறாரா நிரூபிக்கப்படலன்னு. நீ நாடகத்துல பாத்த பல் தடம், தலைமயிரு எல்லாம் அதுல அடக்கம்.

இந்த நாடகத்தையெல்லாம் பாக்கிற சனம் என்ன நெனைக்கும்? மிச்சிகன்ல டொனால்டு ஷெல்டன்னு ஒரு நீதிபதி, 2006-ல ஜூரியா வந்த சுமார் 1000 பேருகிட்ட கேட்டாரு. எந்தக் குத்த வழக்கா இருந்தாலும் விஞ்ஞானச் சாட்சி வேணும்னு 46 சதவீதம் பேரு எதிர்பாத்தாவ. எல்லா வழக்குலயும் டி.என்.ஏ. வேணும்னவ 22 சதவீதம். நமக்குக் கோர்ட்டுல ஜூரி கெடையாது. ஆனா டீக்கடையில உண்டு, அவங்க தீர்ப்பு அன்னைக்கே வந்திரும்.

அப்ப எதைத்தான் பாக்கன்னு கேப்ப. தி வயர் பாரு. பால்டிமோர் ஊருக் கதை, 2002-லருந்து 2008 வரைக்கும். எழுதுனவருல ஒருத்தர் டேவிட் சைமன், அந்த ஊருப் பேப்பர்ல போலீசுச் செய்தி எழுதுனவரு. இன்னொருத்தர் எட் பர்ன்ஸ், அதே ஊருல துப்பறிஞ்சவரு. அதுல போன் ஒட்டுக்கேக்க நீதிபதி கையெழுத்து வேணும். மத்த வழியெல்லாம் பாத்தாச்சு, ஆகலன்னு எழுதிக் குடுக்கணும். கேக்கும்போதும் வேண்டிய ஆளுதான் பேசுதான்னு ஒருத்தன் மொட்டமாடியில இருந்து கண்ணாலப் பாத்துச் சொல்லணும். சொந்தக் கதை பேசுனா ஹெட்போனைக் கழத்திரணும். கள்ளன் பத்துக் கடையில ரெண்டு ரெண்டாப் போன் வாங்கித் தூக்கிப் போட்டுக்கிட்டே இருப்பான், போலீசு திண்டாடும். கடைசியில மாட்டிவிட்டது வாங்கப் போனவனோட சோம்பேறித்தனமும், கூடப் போன அவன் காதலி நச்சரிப்பும். மெதுவாப் போகுது, தூக்கம் வருதுன்னு நீ ரெண்டாம் நாளே அதை நிறுத்திட்ட. நெசம் அந்தத் தூக்கத்துக்குள்ளதான்லே இருக்கு. நம்ம நாட்டுல ஒட்டுக்கேக்க நீதிபதி கூட வேண்டாம், உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட்டாப் போதும். இதைப் பரிட்சையில கேட்டாலும் கேப்பான், எழுதி வச்சுக்கோ.

இன்னும் ஒண்ணு. இது நாடகம் இல்ல, நம்ம பக்கத்து ஊரு. 2020 சூன் மாசம், சாத்தான்குளம் ஸ்டேசன். தகப்பனும் மவனும் போனாவ, உசுரோட வீடு திரும்பல. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கேமராப் பதிவைக் கேட்டாரு. ஹார்டு டிஸ்க்குல 1 டி.பி. எடம் இருந்துச்சு. ஆனா அன்னன்னைக்குப் பதிவு அன்னன்னைக்கே அழியிற மாதிரி செட் பண்ணி வச்சிருந்துதுன்னு ஐகோர்ட்டுக்கு எழுதுனாரு. அந்த வருசம் டிசம்பர்ல, இன்னொரு வழக்குல, எல்லாப் போலீஸ் ஸ்டேசன்லயும் கேமரா வைக்கணும், பதிவு 18 மாசம் இருக்கணும், கொறைஞ்சது ஒரு வருசமாவது இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டு. கண்ணுமணிக்குள்ள கள்ளனைத் தேடுற கேமராவை டிவியில பாத்த. எதிர்ல நடக்கிறதையே மறந்துபோற கேமராவும் உண்டு மருமவனே. அதை மறக்கச் சொன்னது ஒரு மனுச வெரலுதான்.

நீ சேருத காலம் நல்ல காலம். 2024 சூலை ஒண்ணாந்தேதிலருந்து சட்டமே மாறிட்டு. ஏழு வருசமும் அதுக்கு மேலயும் தண்டனை உள்ள குத்தம்னா தடயவியல் ஆளு சம்பவ எடத்துக்கு வரணும்னு எழுதிட்டாவ, ஏற்பாடு பண்ண மாநிலங்களுக்கு அஞ்சு வருசம் வரைக்கும் தவணையும் குடுத்திருக்காவ. சோதனை போட்டா, சாமான் கைப்பத்துனா, போன்லயே வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும். அப்ப நீ எங்க நின்ன, குச்சியை யாரு தொட்டா, பொட்டலத்துல அரக்கு வச்சது எப்ப, கோர்ட்டுக்கு அனுப்புனது எப்பன்னு வரிசை விடாம எழுதணும். எந்த நாடகத்துலயும் இதைக் காட்ட மாட்டான். ஹீரோ குனிஞ்சு ரெஜிஸ்டர் எழுதுனா எவன் பாப்பான்? ஆனா அந்த ஒரு வரி விட்டுப்போச்சுன்னா, உன் டி.என்.ஏ., உன் ரேகை, உன் டவரு எல்லாத்தையும் வக்கீல் ஒரு கேள்வியில ஊதிருவாரு.

கடைசியா ஒரே ஒரு விண்ணப்பம், எஸ்.ஐ. அய்யா. இந்த வட்டாரத்துல உங்களுக்கு ஒரு பொணம் கெடச்சா, மகஜருக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்க எப்படியும் எங்கிட்டத்தான் வருவீக. முந்தி இருந்த ஏட்டய்யா ஒருத்தரு வெத்துத் தாளைத்தான் நீட்டுவாரு, "பொறவு நெரப்பிக்கிடுதேன் தலையாரி"ம்பாரு. அவருகிட்ட நான் பேனாவைத் தொலைச்சிருவேன். நீங்க வரும்போது தாளு நெறைய எழுதிக் கொண்டாந்து, மொதல் வரிலருந்து சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. அப்ப எம் பேனா கெடைக்குதான்னு பாப்போம்.